இரவல் கொடுத்தவர்கள்

(இராமநாதபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நூல் வாசிப்பும் மனிதப் பார்வையும்' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் பெரியவர்களின் பட்டியல் ஒன்றோடு வருவார்கள். இன்னார் இந்த நூலைப் படித்தார், இப்படி மாறினார் என்று அடுக்குவார்கள். காந்தியடிகளும் ரஸ்கினும் அதில் தவறாமல் இருப்பார்கள். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் ரஸ்கினின் நூலை இரவெல்லாம் படித்தார், அதற்குப் பிறகு தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். உண்மைதான், அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நூல் அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்த ஹென்றி போலக் என்ற நண்பர், வழியில் படியுங்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்த நூல் அது.

படித்தவரை நாம் கொண்டாடுகிறோம், கொடுத்தவரை மறந்துவிடுகிறோம். இன்று நான் பேச விரும்புவது கொடுத்தவர்களைப் பற்றி. அதற்கு டர்பன் வரை போக வேண்டியதில்லை. இந்தக் கடற்கரையிலேயே வேண்டிய மட்டும் சான்று இருக்கிறது.

தீவில் ஒரு புத்தக வீடு

1931 அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. பேக்கரும்பில் அவருடைய நினைவிடத்தைப் பார்க்காத பள்ளிக்கூடப் பேருந்து கிடையாது. அங்கே போகிற பிள்ளைகள் ராக்கெட் மாதிரியைப் பார்க்கிறார்கள், ஏவுகணை மாதிரியைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சிறுவனாக இருந்தபோது இராமேசுவரத்தில் படிக்க என்ன கிடைத்தது என்ற கேள்வியை யாராவது அவர்களுக்குள் போட்டிருந்தால் நன்றாக இருக்கும்.

'அக்னிச் சிறகுகள்' என்று தமிழில் வந்த தன்வரலாற்றில் அவரே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். அந்நாளில் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் செய்தித்தாள் வரவழைத்துக் கொடுத்தவர் அவருடைய உறவினர் சம்சுதீன் ஒருவர்தான். விடுதலைப் போராட்டச் செய்திக்காகச் சிலர் வாங்குவார்கள், சென்னையில் தங்கம் என்ன விலை என்று பார்க்கச் சிலர், ராசிபலனுக்காகச் சிலர். தினமணிக்குத்தான் அதிகக் கிராக்கி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது வராத கலாம், தாள்கள் வீடு வீடாகப் போவதற்கு முன்னால் படங்களைப் பார்த்துக்கொள்வாராம்.

பிறகு உலகப் போர் வந்தது. இராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்கள். விழுகிற கட்டை எடுக்க சம்சுதீனுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. அந்தக் கை கலாமுடையது. தம்முடைய முதல் சம்பாத்தியம் அது என்பதை முதியவரான பிறகும் பெருமையோடு சொன்னார். ஹிட்லரும் காந்தியும் ஜின்னாவும் அந்தத் தீவுக்குள் மணலில் விழுந்த காகிதக் கட்டாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

தாள் வந்தது, புத்தகம் அரிது. அந்த ஊரில் சொல்லிக்கொள்ளும்படியான புத்தகச் சேகரிப்பு வைத்திருந்தவர் எஸ்.டி.ஆர்.மாணிக்கம். விடுதலைப் போராட்டத்தில் தீவிர தேசியவாதிகள் பக்கம் நின்றவர். கலாம் அவர் வீட்டுக்கு அடிக்கடி போவார். எதையும் படி, எடுத்துக்கொண்டு போய்ப் படி என்று அவர் ஊக்கப்படுத்தினார். தன்வரலாற்றில் இந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் இரண்டு மூன்று வரிதான். என்னைக் கேட்டால் அந்த நூலின் மிக முக்கியமான வரிகள் அவை.

அந்தக் காலத்துச் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். கலாம் மசூதித் தெருவில், படகுக்காரர் ஜைனுலாபுதீன் வீட்டுப் பையன். மாணிக்கம் வேறு சமயத்தவர். அதே ஊரில், பள்ளியில் குல்லா போட்ட பையனும் பூணூல் போட்ட பையனும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடாது என்று புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் இடம் மாற்றி உட்காரவைத்த நிகழ்ச்சியையும் கலாம் எழுதியிருக்கிறார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தபோது அந்த வீட்டு அம்மா பரிமாற மறுத்ததையும், ஆசிரியரே பரிமாறித் தாமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறார். அடுப்படிக்குள் போக இத்தனை தடை இருந்த ஊரில் புத்தக அலமாரியின் கதவு திறந்திருந்தது. ஒரு பிள்ளையின் பார்வை மாறுவதற்கு நூலின் உள்ளே இருப்பது எவ்வளவு காரணமோ, அதே அளவு காரணம் 'இந்த வீட்டுப் புத்தகம் உனக்கும் உரியது' என்று ஒருவர் நடந்துகொண்டது.

இன்னொருவர் அகமது ஜலாலுதீன். கலாமின் தமக்கையை மணந்தவர். அந்தத் தீவில் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்றும், யார் கேட்டாலும் கடிதம் எழுதிக் கொடுப்பார் என்றும் கலாம் சொல்கிறார். நடந்து போகும்போது அறிவியல் கண்டுபிடிப்புகளையும் புது இலக்கியங்களையும் மருத்துவ முன்னேற்றங்களையும் அந்தப் பையனிடம் பேசிக்கொண்டு போவார். நூலைக் கையில் கொடுத்தவர் மாணிக்கம் என்றால், நூலைப் பற்றிய பசியைக் கொடுத்தவர் ஜலாலுதீன்.

கண்டதை மறுபடி காணுதல்

நூல் பார்வையை மாற்றுகிறது என்று சொல்கிறோம். எப்படி மாற்றுகிறது? புதிய செய்தி ஒன்றைத் தருவதால் மட்டும் மாறாது. அப்படியானால் பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் ஞானிகளாகி இருப்பார்கள். ஏற்கெனவே கண்ணால் கண்டு பழகிப்போன ஒன்றை மறுபடி காணும்படி செய்வதுதான் நூலின் வேலை என்பது என் கருத்து.

சிவசுப்பிரமணிய ஐயரின் வகுப்பைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்தார். தலை, இறக்கை, வால். பறவை எப்படிப் பறக்கிறது என்று விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம். இன்னும் பல பையன்களும் அப்படியே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. மாலையில் எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். கூட்டமாகப் பறக்கும் பறவைகளைக் காட்டி, இறக்கை அடிக்கும் விதத்தையும், திரும்பும்போது வால் வளைவதையும் பார்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கும் பறவைகள்தான் அவை. அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

கரும்பலகைப் படம் இல்லாமல் வெறும் கடற்கரை மட்டும் இருந்திருந்தால், அது தினசரிக் காட்சியாகவே கழிந்திருக்கும். கடற்கரை இல்லாமல் படம் மட்டும் இருந்திருந்தால், அது தேர்வுக்கு வரும் ஐந்து மதிப்பெண் கேள்வியாக முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஒரு பையனுக்குப் பறப்பது பற்றிய கனவு பிறந்தது. பிறகு, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது கலாம் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி என்று இலக்கியத்தில் இறங்கினார். குளிர்நாட்டுக் கிராமங்களும் கோட்டைகளும் நமக்கு அந்நியமானவை என்று தெரிந்தும் அவை பிடித்துப்போயின. அப்புறம் தத்துவம், அங்கிருந்து இயற்பியல். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு, நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற கருத்தில் தமிழிலேயே எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். பல மொழி நூல்களைப் படித்த பையனுக்கு, தன் மொழியில் தன் நாட்டைப் பற்றி எழுதும் துணிவு அதனால் வந்தது.

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இப்படிக் கண்டதற்குப் பஞ்சமே இல்லை. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் பெயர் சொல்லிப் பழகிய பிள்ளைகள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைக் காதால் அறிகிறவர்கள். பாம்பனில் பாசி எடுக்கப் போகும் தாய்மாருக்குக் கட்டக்கோரை எது, மரிக்கொழுந்து எது என்று தண்ணீருக்குள் தொட்டே தெரியும். இத்தனை அறிவும் வீட்டில் இருக்கும்போது, பள்ளிப் புத்தகத்தில் கடல் என்றால் வேறு ஏதோ கடலாக இருக்கிறது.

ஆவுளியா என்ற கடற்பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தலைமுறைக்கு அது வலையில் மாட்டினால் கறி. அது மீன் இனமே அல்ல, நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுப்பது, கடற்புல்லை மேய்ந்து வாழ்வது, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டியது என்று ஒரு பிள்ளை படிக்கிறது என்று வையுங்கள். அடுத்த நாள் அப்பாவின் வலையை அது வேறு கண்ணால் பார்க்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்தார்கள். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அறிவிப்பு அரசாணையில் இருக்கும். அதை நெஞ்சில் ஏற்றுவது அந்தப் பிள்ளை படித்த நாலு பக்கம்தான்.

அரண்மனை கொடுத்த இரவல்

இரவல் கொடுத்தவர்கள் வரிசையில் இந்த ஊர் அரண்மனைக்கும் இடம் உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடும், திருக்கோவையாரை உரையோடும் 1860களில் சென்னையில் அச்சேற்றியபோது, அதற்கு ஆதரவாக நின்றவர் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொன்னுசாமித் தேவர். ஏட்டில் இருந்தவரை நூல் மடத்துக்கும் புலவர் வீட்டுக்கும் சொந்தம். அச்சுக்கு வந்த பிறகுதான் அது கைமாறத் தொடங்கியது. நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள அந்தக் கடல் பிரிக்கிற கடலாக அன்றைக்கு இருக்கவில்லை.

பொன்னுசாமித் தேவரின் மகன் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைக்குப் போயிருந்தபோது சொற்பொழிவுக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டார், அங்கே கிடைக்கவில்லை என்றொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சங்கம் வளர்த்த ஊரில் குறள் கிடைக்கவில்லை! வேறொருவராக இருந்தால் ஊரைத் திட்டிவிட்டு வண்டி ஏறியிருப்பார். அவர் 1901இல் மதுரையிலேயே தமிழ்ச் சங்கத்தை நிறுவினார், அதோடு பாண்டியன் புத்தகசாலையை வைத்தார். 'செந்தமிழ்' இதழ் வந்தது. சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த சிங்காரவேலு முதலியார் ஆண்டுக் கணக்கில் உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி'யை அச்சிட ஆள் இல்லாமல் தவித்தபோது, 1910இல் அது வெளிவர வழி செய்ததும் பாண்டித்துரைத் தேவர்தான். தமிழில் எந்தப் புராணப் பெயரைத் தேடினாலும் இன்றும் நாம் புரட்டுவது அந்த நூலைத்தான். புரட்டும்போது இராமநாதபுரத்தை நினைக்கிறோமா?

நூலோடு வாதாடுதல்

கொடுத்தவர்களைப் புகழ்வதோடு நிறுத்தினால் பேச்சு பாதிதான் முடிந்தது. நூல் பார்வையை மாற்றும் என்றால், தவறாகவும் மாற்றக்கூடும். இதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

கலாம் தமக்கு நெருக்கமான நூல்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னவை சில. ஒன்று திருக்குறள். இன்னொன்று லில்லியன் ஐக்லர் வாட்சன் தொகுத்த 'லைட் ஃப்ரம் மெனி லேம்ப்ஸ்'. 1953இல் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. யாரோ படித்துவிட்டுப் போட்ட பிரதி, அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவருக்குத் துணையாக இருந்திருக்கிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அங்கே கைமாறிய நூல்கள் எத்தனை பேரை உருவாக்கின என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

மூன்றாவது, நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் காரல் 1935இல் எழுதிய 'மேன், தி அன்நோன்'. உடலையும் மனத்தையும் வெட்டிப் பிரித்து வைத்தியம் பார்க்க முடியாது, மனிதனை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற அதன் கருத்து கலாமைக் கவர்ந்தது. மருத்துவம் படிக்க விரும்புகிறவர்கள் இதைப் படியுங்கள் என்றார். அதே நூலில்தான், கொடிய குற்றவாளிகளை விஷவாயு கொண்டு முடித்துவிடலாம் என்ற யோசனையும் இருக்கிறது. மனிதரில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரிக்கும் பேச்சும் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தச் சிந்தனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உலகம் அறிந்தது.

கலாம் அதில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். கருணையைத் தேடிப் போனவருக்குக் கருணை கிடைத்தது. அதே நூலை வேறு மனத்தோடு திறந்தவருக்கு வேறொன்று கிடைத்திருக்கும். ஆகவே, ஒரே ஒரு நூலைப் படித்து அதையே வேதமாக்கிக்கொள்கிறவனைவிட ஆபத்தானவன் கிடையாது. ஒரு நூலுக்கு மருந்து இன்னொரு நூல்தான். குறளோடு காரலைச் சேர்த்துப் படிக்கிறவனுக்கு எதைத் தள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பாண்டித்துரைத் தேவரைப் பற்றியே இன்னொரு செய்தி உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் திருக்குறளில் எதுகை மோனை சரியாக இல்லை என்று தாமே திருத்தி அச்சிட்டார் என்றும், தேவர் பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கி நெருப்பில் போட்டார் என்றும் சொல்லி வருகிறார்கள். மேடைகளில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். அவருடைய தமிழ்ப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பிரதியில் ஒன்றையாவது பாண்டியன் புத்தகசாலையில், உண்மையான பதிப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் நமக்கு இன்னும் பயனாக இருந்திருக்கும். இரண்டையும் வைத்துப் படிக்கிற பையன் வள்ளுவரின் பக்கம்தான் வருவான். அந்த நம்பிக்கை இல்லாதவர்கள்தான் நூலுக்குத் தீ வைக்க வேண்டும்.

இனி நம் கடமை

இரவல் கொடுப்பதைத் தனிமனிதரின் பெருந்தன்மையாக மட்டும் விட்டுவிடக்கூடாது, ஊரின் கடமையாக்க வேண்டும் என்று நினைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கலாம் பிறந்த அதே 1931 அக்டோபரில், ஆறு நாள் கழித்து, மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் ரங்கநாதனும் கனகசபைப் பிள்ளையும் இருந்தார்கள். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை ரங்கநாதன் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. அதாவது, மாணிக்கம் தம் வீட்டில் செய்ததைச் செய்வதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டிய பணத்துக்குப் புத்தகம் எடுக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

ஆகவே, முடிப்பதற்கு முன் மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். பெண்பிள்ளை பெயரில் முதலில் வாங்குங்கள். ஊர் நூலகம் பூட்டிக் கிடந்தால், ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வரி கட்டுகிறவர்கள் நீங்கள்.

ஆசிரியர்களே, பள்ளி நூலகப் புத்தகம் கிழிந்துவிடும், தணிக்கையில் கேள்வி வரும் என்று பயந்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். பாடத்தில் வரும் பறவையைக் கடற்கரையில் காட்டுங்கள். கடற்கரையில் கண்டதைப் பற்றி ஒரு நூல் தேடிக் கொடுங்கள்.

இந்த அறக்கட்டளையாருக்கும், இங்கே வந்திருக்கும் வசதி படைத்தவர்களுக்கும் ஒரு சொல். ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள், நல்ல காரியம். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் இந்த மாலைக்கும் ஆன செலவை அடுத்த ஆண்டு முதல் மீனவர் குடியிருப்பு ஒன்றின் நூலகத்துக்குப் புத்தகமாகக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அழகுக்காக அடுக்கி வைத்திருக்கும் புத்தகங்களை வெளியே எடுங்கள். இரவல் போனால் திரும்பி வராது என்று சொல்வீர்கள். வராவிட்டால் போகட்டும். இராமேசுவரத்தில் மாணிக்கம் வீட்டிலிருந்து போன புத்தகம் ஒவ்வொன்றும் திரும்பி வந்ததா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அதனால் இந்த நாட்டுக்கு நஷ்டம் எதுவும் வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் என்ன மார்க் வாங்கினாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.